பீரங்கிக்காரனின் காது

1805-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, டிரஃபால்கர் முனைக்கு அப்பாலுள்ள கடலில் நெல்சனின் 'விக்டரி' கப்பல் பகைவரின் வரிசையைப் பிளந்துகொண்டு புகுந்தபோது, அதன் அடித்தட்டில், உயர்ந்த ஆகிருதியுள்ளவன் தலை நிமிர இடங்கொடாத உத்தரங்களின் கீழே, 32 பவுண்டு எடையுள்ள இரும்புக் குண்டுகளை வீசும் பீரங்கிகளைச் சூழ்ந்து நின்ற மாலுமிகள், அக்காலத்து வழக்கப்படி மேற்சட்டையைக் கழற்றிவிட்டு, கழுத்துக் கைக்குட்டையை அவிழ்த்து நெற்றியையும் காதுகளையும் சேர்த்து இறுகச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். வியர்வை கண்ணில் இறங்காமல் அந்தத் துணி தடுத்தது உண்மை. சப்தத்தை அது தடுத்தது மிகச் சொற்பம். கனத்த ஓக் பலகைகளால் அடைபட்ட அந்தத் தட்டில், ஒரு பீரங்கியின் ஓசை வெளியேற வழியின்றிச் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி அடுத்த பீரங்கியின் ஓசையோடு கலந்தது. வாய்மொழியாக இட்ட கட்டளைகள் காதில் ஏறாமல் சைகையினாலேயே வேலை நடந்தது. ஆயினும், போர்வீரர் செவியைக் காத்துக்கொள்ளச் செய்த பிரயத்தனங்களின் சரித்திரத்தை எழுதப் புகுபவன் அந்தக் கைக்குட்டையிலிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது. எந்தத் தளபதியும் வகுக்காத விதி அது. மாலுமி தன் அனுபவத்தில் தானே கண்டுகொண்ட உபாயம்.

அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன், 1782 ஏப்ரலில், மேற்கிந்தியத் தீவுகளுக்கருகே நடந்த கடற்போரில் 'ஃபார்மிடபிள்' என்னும் கப்பலில் நின்று வெற்றிகண்ட அட்மிரல் ராட்னி, தம் கப்பலின் பீரங்கி வரிசைகள் எண்பது முறை முழங்கியதன் பயனாகப் பதினான்கு நாள் காது கேளாமல் இருந்தார் என்று வைத்திய நூல்கள் இன்றும் எடுத்துக்காட்டுவதுண்டு. அட்மிரலின் காது ஆகையால் அது ஏட்டில் ஏறியது. பீரங்கியின் பின்புறத்தில் ஒரு கஜ தூரத்தில் நின்றவனுடைய காது என்னவாயிற்று என்று விசாரித்தவர் இல்லை, அவனும் சொல்லிக்கொள்ளவில்லை. ஏனெனில், செவிடு என்பது அந்தத் தொழிலோடு கூடப்பிறந்ததென்றும், காது மந்தமில்லாத பீரங்கிக்காரன் இன்னும் தொழில் பழகாதவன் என்றும் நெடுங்காலம் ஓர் எண்ணம் நிலவிவந்தது. சிப்பாய் அதை அவமானமாகக் கருதவில்லை. சிலர் சற்றுப் பெருமையாகவே கொண்டிருந்தார்கள் என்றும் சொல்லலாம்.

வெடிமருந்து போர்க்களத்தில் புகுந்த நூற்றாண்டுகளிலேயே வைத்தியர் கண்ணில் இந்தத் தீமை பட்டிருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னர்களின் படைகளோடு சென்று குண்டுக் காயங்களுக்குச் சிகிச்சை செய்து புகழ்பெற்ற ஆம்புருவாஸ் பாரே, பெரிய மணிகளின் ஓசையும் பீரங்கியின் முழக்கமும் காதைக் கெடுக்கும் என்று குறிப்பிட்டதாக வைத்திய சரித்திரக்காரர் எழுதுவர். ஆனால் காரணத்தைத் தெளிவாக ஆராயும் பாக்கியம் ராணுவத்துக்குக் கிட்டாமல் தொழிற்சாலைக்கே கிட்டியது. 1831-இல் ஃபாஸ்புரோக் என்னும் ஆங்கில வைத்தியர் கொல்லர்களின் செவிட்டைப் பற்றி எழுதினார். 1886-இல் கிளாஸ்கோ நகரத்துத் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரைப் பரிசோதித்து, அவர்களில் ஒருவனுக்கேனும் பழுதற்ற செவி இல்லை என்று கண்டார். இரும்புத் தகட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியேயிருந்து விழும் சம்மட்டி அடியை நாள்முழுதும் கேட்பவனுக்கும், பீரங்கிக்கருகே நிற்பவனுக்கும் நேர்வது ஒன்றே என்பதை ஊகிக்கப் பெரிய மேதாவிலாசம் வேண்டியதில்லை. ஆயினும் அந்த அறிவு பட்டறையிலிருந்து பாசறைக்குப் போய்ச்சேர அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

செவிக்குள் என்ன நிகழ்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நலம். உட்செவியில் நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் குழலுக்குள், 1851-இல் இத்தாலியரான அல்ஃபோன்ஸோ கோர்ட்டி விவரித்த நுண்ணிய உறுப்பில், ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் வரிசைவரிசையாக நிற்கின்றன. ஒலியின் அலை அவற்றை அசைக்க, அந்த அசைவே நரம்பின் வழியாக மூளைக்குச் செய்தியாகிறது. மிகையான ஓசை அவற்றை முதலில் களைப்படையச் செய்கிறது. இரண்டொரு நாளில் அவை தேறினாலும் தேறும். மீண்டும் மீண்டும் அடிபட்டால், அல்லது ஒரே வெடி அளவு கடந்து போனால், அவை மடிந்துவிடுகின்றன. மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. இயற்கை நடுச்செவியில் ஒரு சிறு தசையை வைத்து, பேரோசை வரும்போது அது சுருங்கி உட்செவிக்குப் போகும் அதிர்வைக் குறைக்கும்படி செய்திருக்கிறது என்பது மெய்யே. ஆனால் அந்தத் தசை சுருங்கச் சற்று நேரம் ஆகிறது, துப்பாக்கியின் வெடியோ சில ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் உள்ளே போய்விடுகிறது. திருடன் போனபின் கதவைத் தாளிடும் காவற்காரனைப் போன்றது அந்தத் தசையின் சேவகம்.

முதலில் கெடுவது 4,000 ஹெர்ட்ஸ் அளவையொட்டிய உயர்ந்த ஸ்வரங்களைக் கேட்கும் சக்தி. ஆகவே சிப்பாய் தனக்குக் காது போயிற்று என்று முதலில் உணர்வதேயில்லை. பேரிகை கேட்கிறது, அதிகாரியின் அதட்டல் கேட்கிறது, பேச்சில் சகரம் போன்ற மெல்லிய சீறல் ஒலிகள் மட்டும் நழுவிப்போகின்றன. 'சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை' என்று அவன் சொல்வது அதனால்தான். சுற்றிலும் மௌனம் சூழ்ந்த இரவில், காதுக்குள் ஓயாமல் ரீங்கரிக்கும் இரைச்சலும் இந்த நோயின் உடன்பிறப்பு.

1809 மே மாதத்தில் நெப்போலியனின் படைகள் வியன்னா நகரைக் குண்டுவீசித் தாக்கியபோது, ஏற்கெனவே பாதி செவிடாகியிருந்த பேத்தோவன் தம் தம்பியின் வீட்டு நிலவறையில் தலையணைகளால் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தார் என்பது சங்கீத ரசிகர்கள் அறிந்த செய்தி. எஞ்சியிருந்த செவியின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. சிப்பாய் தலையணையைத் தேடி ஓட முடியாது என்பது ஒருபுறமிருக்க, காதைப் பொத்திக்கொள்வதே அவனுக்கு வேறொரு வகையில் அபாயம். ராணுவத்தின் செவிக் காப்பு முழுவதையும் சிக்கலாக்கியது இந்த ஒரு முரண்பாடுதான் என்பது என் துணிபு. மெழுகும் பஞ்சும் உலகத்தில் என்றைக்கும் பஞ்சமாக இருந்ததில்லை. கிரேக்கக் கவி ஹோமரின் காவியத்தில் வரும் மாலுமிகளே மெழுகால் காதை அடைத்துக்கொண்டவர்கள். ஆனால் அந்த மாலுமிகளுக்குத் துடுப்பு வலிப்பதைத் தவிர வேறு வேலையில்லை. காவலில் நிற்பவனுக்கோ, காய்ந்த சருகின்மேல் பட்ட அடியோசை கேட்கவேண்டும். பதுங்கு குழியில் இருப்பவனுக்குத் தன்னை நோக்கி வரும் குண்டின் சீழ்க்கை கேட்கவேண்டும். அதே கணத்தில் பக்கத்துத் துப்பாக்கியின் வெடி மட்டும் கேட்கக்கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் சாதனம் கிடைக்காத வரையில், அரசாங்கம் கொடுத்த அடைப்பானைச் சிப்பாய் சட்டைப்பையில் போட்டுவைத்ததைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் உலக யுத்தத்தில் இந்த முரண்பாடு முழு உருவத்தோடு வெளிப்பட்டது. 1916 ஜூன் 24 முதல் ஜூலை 1 வரை, ஸோம் நதிக்கரையில் தாக்குதல் தொடங்குமுன் பிரிட்டிஷ் பீரங்கிகள் மட்டும் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசின. அந்த முழக்கம் கடலைத் தாண்டித் தென் இங்கிலாந்திலும் கேட்டது. அந்தப் பீரங்கிகளை இயக்கியவர்கள் கையில் கிடைத்ததைக் காதில் திணித்துக்கொண்டார்கள்: வாஸலின் தடவிய பஞ்சு, குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிஸின், வேறொன்றும் இல்லாவிட்டால் இரண்டு விரல்கள். அக்காலத்துப் புகைப்படங்களில் பீரங்கியின் கயிற்றை இழுப்பவன் ஒருவனைத் தவிர மற்றவரெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பி நிற்பதைக் காணலாம். கயிற்றை இழுப்பவனுக்குக் கை ஒழியவில்லை.

ஜெர்மானியருக்கு இவ்விஷயத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. பெர்லினில் மாக்ஸ் நெக்வெர் என்னும் மருந்துக்கடைக்காரர், ஹோமரின் கதையிலிருந்தே யோசனை பெற்று, பஞ்சையும் மெழுகையும் கலந்து விரலால் பிசைந்து காதில் வைக்கத்தக்க சிறு உருண்டைகளாக்கி, 'ஓரோபாக்ஸ்' என்ற பெயரோடு 1908 முதல் தகர டப்பிகளில் விற்றுவந்தார். பட்டணத்துச் சந்தடியில் தூக்கம் வராதவர்களுக்காகச் செய்யப்பட்ட அந்தச் சரக்கு, யுத்தம் மூண்டதும் போர்முனைக்குப் போயிற்று. (பிராகு நகரத்தில் அண்டைவீட்டாரின் சந்தடி பொறுக்காத எழுத்தாளர் காஃப்கா 1915-இல் பெர்லினிலிருந்து அதை வரவழைத்துக்கொண்டார் என்பது இலக்கியப் பிரியர்களுக்கு ருசிக்கும்.) ஓரோபாக்ஸ் காதை அடைத்தது, நன்றாகவே அடைத்தது. அதுவே அதன் குறையுமாயிற்று.

இங்கிலாந்தில் அர்னல்ஃப் மாலக் என்ற விஞ்ஞானி பிரச்சினையை வேறு விதமாகப் பார்த்தார். அவர் பெயரோடு சேர்த்து வழங்கிய மாலக்-ஆம்ஸ்டிராங் செவிக் காப்பு, காதுத் துளையில் பொருந்தும் ஒரு சிறு குழாய். நடுவே மிக மெல்லிய சவ்வு. சவ்வுக்கு இருபுறமும் தடுப்பு. மெல்லிய ஒலி வரும்போது சவ்வு தாராளமாக அசைந்து அதைச் செவிக்குள் அனுப்பிவிடும். வெடியின் அழுத்தம் வந்தாலோ சவ்வு தடுப்பின்மேல் போய் ஒட்டிக்கொண்டு, மேலே அசைய மாட்டாமல் நின்றுவிடும். பேச்சுக்குத் திறந்தும் வெடிக்கு மூடியும் இருக்கும் கதவொன்றை அவர் கற்பனை செய்தார். செய்கையில் அது கற்பனையளவு திறமையாக இல்லை. ஆனால் அந்தக் கற்பனையே பிற்காலத்து ஆராய்ச்சி சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்த இடம்.

யுத்தம் முடிந்தபோது அரசாங்கங்களின் கவனத்துக்கு வந்தது காப்பு அன்று, கெட்டுப்போன காதுகளின் தொகை. அமெரிக்க ராணுவம் 1918-இல் நியூ ஜெர்ஸிக் கடற்கரையிலுள்ள கேப் மே என்னும் ஊரின் ஆஸ்பத்திரியில் செவிடான வீரர்களுக்கு உதட்டசைவைப் பார்த்துப் பேச்சை அறியும் வித்தையைக் கற்பித்தது. பிரிட்டனிலும் அத்தகைய வகுப்புகள் நடந்தன. இருபது வயது இளைஞன் ஒருவன் ஆசிரியையின் முன்னால் உட்கார்ந்து, ஓசையில்லாமல் அசையும் அவள் உதடுகளை உற்றுப் பார்த்துப் பாடம் படித்தான். வந்தபின் சிகிச்சை, சிகிச்சைக்குப்பின் பென்ஷன் என்ற இந்த முறையே அடுத்த யுத்தம்வரை நீடித்தது.

இரண்டாவது உலக யுத்தம் வந்தபோது விமானமும் டாங்கியும் ரேடியோவும் சேர்ந்து நிலைமையை மாற்றிவிட்டன. ரேடியோவில் வரும் சொல் விமானிக்கு விளங்காவிட்டால் விமானமே நஷ்டமாகும் என்ற கவலை, சிப்பாயின் முதுமைக்காலத்துச் செவிட்டைப் பற்றிய கவலையைவிட அதிகாரிகளை விரைவாக எழுப்பிவிட்டது. ஹார்வர்டு சர்வகலாசாலையில் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸின் தலைமையில் ஒலியும் மனமும் பற்றிய ஆராய்ச்சிச்சாலை ஏற்பட்டது. அங்கே ஹாலோவெல் டேவிஸும் அவர் சகாக்களும், தாமே முன்வந்த மனிதர்களைப் பேரோசைக்கு உட்படுத்தி, தற்காலிகச் செவிடு எப்படித் தோன்றி எப்படி நீங்குகிறது என்று அளந்தார்கள். கலிபோர்னியாவில் வெர்ன் நூட்ஸனின் முயற்சியில் உருவான வி-51ஆர் என்ற காதடைப்பான் அந்தக் காலத்தின் நெடுநாள் நினைவு. மிருதுவான பொருளில் வார்த்தெடுத்த அந்தச் சிறு குமிழுக்கு ஒரு மடலும் பிடிப்பதற்கு ஒரு காம்பும் உண்டு. பல அளவுகளில் செய்தார்கள். ஏனெனில் மனிதருக்கு மனிதர் காதுத் துளை வேறுபடுவது மட்டுமன்றி, ஒருவனுடைய இடக்காதுக்கும் வலக்காதுக்குமே அளவு ஒவ்வாமல் இருப்பதுண்டு. வைத்தியச் சிப்பந்தி ஒவ்வொருவன் காதையும் பார்த்து அளவு தேர்ந்து கொடுக்கவேண்டும். அவசரத்தில் எல்லோருக்கும் ஒரே அளவை வாரிக் கொடுத்துவிட்டால், தளர்ந்தது பயன் தராது, இறுகியது வலி தரும். இரண்டும் சட்டைப்பைக்குத்தான் போகும். பிற்காலத்தில் அமெரிக்கச் சிப்பாயின் மார்புப் பொத்தானில் சங்கிலி கோத்துத் தொங்கிய சிறு பிளாஸ்டிக் டப்பி இந்த அடைப்பான்களின் வீடு. அது அணிவகுப்பில் காணப்பட்ட அளவுக்குச் சுடும் மைதானத்தில் திறக்கப்பட்டதா என்பது வேறு கேள்வி.

அதே காலத்தில் பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரின் டெஷான் ஆஸ்பத்திரியில் ரேமண்ட் கார்ஹார்ட், செவிடான வீரர்களுக்குக் கேட்கும் கருவிகளை அளந்து பொருத்தும் முறையை வகுத்தார். ஆடியாலஜி என்ற தனிச் சாஸ்திரமே ராணுவ ஆஸ்பத்திரிகளின் மடியில் பிறந்தது என்றால் மிகையாகாது.

அடைப்பான் வைப்பதைச் சிப்பாயின் விருப்பத்துக்கு விடாமல் சட்டமாக்கியது ஜெட் விமானம். அதன் ஓசையைக் கண்டு அஞ்சிய அமெரிக்கக் கடற்படை 1953-இல் விஞ்ஞானிகளைக் கொண்டு ஓர் அறிக்கை தயாரித்தது. 1956-இல் விமானப்படை, சப்தம் மிகுந்த இடங்களை அளக்கவேண்டும், அங்கே வேலை செய்பவர்களின் செவியைக் காலாகாலத்தில் பரிசோதிக்கவேண்டும், காப்பு அளிக்கவேண்டும் என்று விதி வகுத்தது. தரைப்படை இதில் பின்தங்கியே நின்றது. ஜெட் விமானத்தின் பக்கத்தில் நிற்பவன் எந்நேரமும் எஞ்சினையே கேட்கிறான், ஆகையால் காதை முழுவதும் மூடிக்கொள்வதில் அவனுக்கு இழப்பில்லை. காலாட்படைக்காரனோ மணிக்கணக்கில் நிசப்தத்தில் காத்திருந்து, ஒரு நிமிஷம் வெடியில் மூழ்கி, மறுபடி நிசப்தத்துக்குத் திரும்புகிறவன். சாதாரணத் துப்பாக்கியின் வெடியே சுடுபவன் காதருகில் 155 டெசிபெலைத் தாண்டுகிறது. காப்பில்லாத காது தாங்கும் எல்லையாக வைத்திருப்பது 140. டெசிபெல் கணக்கில் பத்து ஏறினால் சக்தி பத்து மடங்கு பெருகும் என்பதை நினைத்தால் இடைவெளி விளங்கும்.

1960-களின் இறுதியில் பிரிட்டனில் ராயல் மரீன் படைக்காகக் கோல்ஸ், ஃபாரஸ்ட் என்ற இருவர் மாலக்கின் பழைய கதவை வேறு வடிவில் திறந்தார்கள். வி-51ஆர் அடைப்பானுக்குள் ஒரு சிறு தகட்டை வைத்து, அதில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளையிட்டார்கள். மெல்லிய ஒலியில் காற்று அந்தத் துளை வழியே ஒழுங்காகப் போய்வருகிறது. வெடியின் வேகத்தில் காற்று அங்கே சுழித்துக் குழம்பித் தன்னைத்தானே தடுத்துக்கொள்கிறது. அசையும் உறுப்பு எதுவுமில்லாமல் பௌதிக விதியே வாயிற்காவலாகிவிட்டது. இதைவிட அழகான தீர்வை இந்தச் சரித்திரத்தில் நான் கண்டதில்லை.

செவி நன்றாயிருந்தால் யுத்தமும் நன்றாக நடக்கும் என்பதைத் தளபதிகளுக்கு எண்ணிக்கையால் காட்டியவர்கள் காரிந்தர், பீட்டர்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள். 1990-இல் அவர்கள் வெளியிட்ட பரிசோதனையில், டாங்கிப் படையினரைப் போலி டாங்கிகளில் உட்காரவைத்து, பேச்சு தெளிவாகக் கேட்கும்போதும் கலங்கிக் கேட்கும்போதும் அவர்கள் எப்படிப் போரிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். தெளிவாகக் கேட்டவர்களுக்கு இலக்கை இனங்காண 40 வினாடி பிடித்தது. கேளாதவர்களுக்கு 90 வினாடி. காது என்பது பென்ஷன் இலாகாவின் விஷயம் என்று எண்ணியிருந்தவர்கள், அது ஆயுதசாலையின் விஷயமும் ஆகும் என்று அப்போது கண்டுகொண்டார்கள்.

சிறுதுளை யோசனையைப் பிரான்ஸும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்தும் ஸான் லூயி ஆராய்ச்சி நிலையம் மேலும் செம்மைப்படுத்த, அதிலிருந்து பிறந்தது 'காம்பாட் ஆர்ம்ஸ்' என்ற இருமுனை அடைப்பான். ஒரு முனை மஞ்சள், மறுமுனை பச்சை. பச்சை முனையைச் செருகினால் எல்லா ஓசையும் அடைபடும், மஞ்சள் முனையைச் செருகினால் பேச்சு கேட்கும், வெடி தணியும். ஏறக்குறைய 2003 முதல் 2015 வரை இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணிபுரிந்த அமெரிக்க வீரர்களுக்கு அது வழங்கப்பட்டது. மாலக்கின் கனவு நிறைவேறிய தருணம் என்றே இதை எழுதியிருக்கலாம். ஆனால் கதை நியாயஸ்தலத்துக்குப் போயிற்று. அதன் காம்பு குட்டையாக இருந்தமையால் சிலர் காதில் அது சரியாகப் பொருந்தாமல், அணிந்தவனுக்கே தெரியாதபடி நழுவிவிடுகிறது என்றும், அது செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றும் வழக்குத் தொடுத்தவர்கள் சொன்னார்கள். சரியாக அணிந்தால் அது நன்றாகவே காக்கும், ராணுவத்தின் வேண்டுகோளின்படியே அந்த அமைப்பு ஏற்பட்டது என்பது அதை விற்ற 3எம் நிறுவனத்தின் வாதம். 2018-இல் அந்த நிறுவனம், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, அரசாங்கத்துக்கு 91 லட்சம் டாலர் கொடுத்து ஒரு வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அதன்பின் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வழக்காட வந்தார்கள். 2023 ஆகஸ்டில், அப்போதும் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், 600 கோடி டாலர் தர நிறுவனம் இசைந்தது. அத்தனை சிறிய ஒரு பொருளின் காம்பு எத்தனை மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்பதைப் பற்றி இத்தனை பெரிய வியாஜ்ஜியம் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் வீரர்கள் உதவித்தொகை பெறும் குறைபாடுகளில் காதிரைச்சலே முதலிடம் வகிக்கிறது. பெறுபவர் தொகை 20 லட்சத்துக்கும் மேல்.

இப்போது மின்சாரச் செவிமூடிகள் வந்திருக்கின்றன. வெளியே ஒலிவாங்கி, உள்ளே சிறு ஒலிபெருக்கி. மெல்லிய அடியோசையைப் பெருக்கியும் வெடியைத் தணித்தும் அவை கொடுக்கின்றன. ஓசை வந்த திசையைச் சரியாகக் காட்டுவதில் அவற்றுக்கும் தடுமாற்றம் உண்டு, ஏனெனில் திசையறிய உதவும் காதுமடலின் மடிப்புகளை அவை மூடிவிடுகின்றன. அடைப்பானை வைத்து அதன்மேல் மூடியையும் போட்டுக்கொண்டாலும் ஓர் எல்லைக்குமேல் பயனில்லை. காதின் வழி அடைபட்டாலும் மண்டையோட்டின் எலும்பு வழியாகவே ஓசை உட்செவியை எட்டிவிடுகிறது. தோளில் தாங்கிச் சுடும் கார்ல் குஸ்தாஃப் போன்ற ஆயுதங்களின் வெடி 180 டெசிபெலையும் தாண்டுவதால், எவ்வளவு மூடினாலும் போதாது என்று கண்ட அமெரிக்க ராணுவம், பயிற்சியில் ஒருவன் 24 மணி நேரத்தில் ஆறு முறைக்குமேல் அதைச் சுடலாகாது என்று வரம்பு வகுத்தது. அந்த வெடியின் அலை செவியோடு நில்லாமல் மூளையையும் தாக்குகிறதோ என்ற கேள்வி இப்போது ஆராய்ச்சியில் இருக்கிறது. போர்க்களத்தில் ஆறோடு நிறுத்திக்கொள்ளும்படி எந்தச் சிப்பாயிடமும் சொல்ல முடியாது.